ராத்திரியெல்லாம் ஓடுதா ஃப்ளஷ் டேங்க்? லண்டன் பிளம்பர் தாமஸ் கிராப்பரின் கதையைத் தெரிஞ்சுக்குங்க!

ராத்திரி பதினோரு மணி. வீடு அடங்கிய பிறகு, ஃபேன் சத்தத்தையும் தாண்டி டாய்லெட் பக்கமிருந்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். யாரும் உள்ளே இல்லை. ஃப்ளஷ் பண்ணி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. ஆனாலும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. காலையில பாத்துக்கலாம் என்று படுத்துவிட்டால், விடிந்ததும் மொட்டை மாடி டேங்கில் பாதித் தண்ணீரைக் காணோம்.

சேலம், நாமக்கல் சமவெளியில் இது சின்ன விஷயம் இல்லை. மேட்டூர் பக்கத்திலேயே இருந்தாலும், பல ஊர்களில் காவிரித் தண்ணீர் சில நாட்களுக்கு ஒரு முறைதான் குழாயில் வரும். அதைக் குடிக்கவும் சமைக்கவும் எடுத்து வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர்தான். இந்தியா முழுக்கப் போய் போர்வெல் போடுகிற லாரிகள் திருச்செங்கோட்டிலிருந்துதான் கிளம்புகின்றன. அந்த ஊரைச் சுற்றியே கோடையில் நிலத்தடி நீர் கீழே போய்விடும் என்பதுதான் சங்கடம். அவ்வளவு ஆழத்திலிருந்து மோட்டார் போட்டு, கரண்ட் செலவு பண்ணி மேலே ஏற்றிய தண்ணீர், யாருக்கும் பயன்படாமல் சத்தமில்லாமல் கீழே போகிறது.

எவ்வளவு போகும்? கணக்கு சுலபம். நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி ஒழுகினால், ஒரு நாளைக்கு 288 லிட்டர். மூன்றரை நாளில் ஒரு 1000 லிட்டர் டேங்க் காலி. நிமிடத்துக்கு ஒரு டம்ளர் என்பது பெரிய ஒழுகல் கூட இல்லை. பகலில் டி.வி. சத்தத்தில் அது காதில் விழாது.

இந்த ஒழுகலை எப்படி நிறுத்துவது என்று நூற்று ஐம்பது வருடங்களுக்கு முன்னால் ஒரு பெரிய நகரமே மண்டையை உடைத்துக்கொண்டது. அதில் தொழில் நடத்தி, பணமும் அரச குடும்பத்து வாடிக்கையும் சம்பாதித்து, கடைசியில் ஊர் சிரிக்கும் பெயராகவும் ஆனவர் ஒரு பிளம்பர். அவர் தாமஸ் கிராப்பர். ஃப்ளஷ் டாய்லெட்டைக் கண்டுபிடித்தவர் என்று வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளில் நீங்கள் படித்திருக்கலாம். அது உண்மை இல்லை. அவர் செய்தது வேறு. சொல்லப்போனால், நம் வீட்டுப் பிரச்சினைக்கு அதுதான் நெருக்கம்.

யார் இந்த கிராப்பர்?

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் தோர்ன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1836-ல் பிறந்தார் தாமஸ். ஞானஸ்நானம் கொடுத்த தேதி அந்த ஆண்டின் செப்டம்பர் 28 என்று பதிவில் இருக்கிறது. அப்பா சார்லஸ் படகுத் தொழிலில் இருந்தவர். பெரிய வசதி இல்லை.

பதினோரு வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி லண்டன் வரை நடந்தே வந்தார் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கும். நடந்தது அதைவிடச் சாதாரணமானது. அவருடைய அண்ணன் ஜார்ஜ் லண்டனில் செல்சி பகுதியில் மாஸ்டர் பிளம்பராக இருந்தார். 1853-ல் தம்பி அவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். நம்மூரில் லேத் பட்டறையிலோ நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையிலோ தெரிந்த ஒருத்தரிடம் பையனைக் கொண்டுபோய் விடுவதில்லையா, அதேதான்.

அந்தக் காலத்து பிளம்பர் வேலை என்பது ஈயத்தோடு மல்லுக்கட்டுகிற வேலை. லத்தீனில் ஈயத்துக்கு ப்ளம்பம் என்று பெயர், அதிலிருந்துதான் பிளம்பர் என்ற சொல்லே வந்தது. குழாயை ஈயத் தகட்டிலிருந்து அடித்து வளைக்கணும், உருக்கி ஒட்டணும். தொட்டிக்கு உள்பக்கம் ஈயம் பூசணும். தயாராக வாங்கிக் கொண்டுவந்து மாட்டுகிற சாமான் அப்போது ரொம்பக் குறைவு.

நாறிய லண்டன்

தாமஸ் தொழில் கற்றுக்கொண்ட வருடங்கள் லண்டனுக்கு மிக மோசமான வருடங்கள். வீடுகளுக்குக் கீழே கழிவுக் குழிகள். அவை நிரம்பி மண்ணுக்குள் இறங்கும், கிணற்றில் கலக்கும். 1854-ல் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, ஒரே ஒரு அடிபம்பின் தண்ணீர்தான் காரணம் என்று டாக்டர் ஜான் ஸ்னோ வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்துக் காட்டினார். காற்றில் வரும் நாற்றத்தால்தான் நோய் வருகிறது என்று நம்பிக்கொண்டிருந்த பெரிய மனிதர்கள் அதை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை.

1858 கோடையில் தேம்ஸ் நதியே சாக்கடையாகிவிட்டது. நதிக்கரையில் இருந்த நாடாளுமன்றத்தில் உட்கார முடியவில்லை. ஜன்னல் திரைகளில் சுண்ணாம்புக் கரைசலை நனைத்துத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள், அப்படியும் நாற்றம் நிற்கவில்லை. மூக்கில் ஏறிய பிறகு அரசாங்கம் வேகமாகத்தான் நகர்ந்தது. ஜோசப் பேசல்ஜெட் என்ற பொறியாளர் நகரத்துக்கு அடியில் மாபெரும் சாக்கடை வலைப்பின்னலைக் கட்ட ஆரம்பித்தார். அப்போது தாமஸ் கிராப்பருக்கு 21, 22 வயது. ஊர் முழுக்க சாக்கடைக் குழாய் வரப்போகிறது என்றால், ஒவ்வொரு வீட்டுக்கும் டாய்லெட் வேணும், தொட்டி வேணும், அதை மாட்ட ஆள் வேணும். பிளம்பருக்கு இதைவிட நல்ல நேரம் வராது.

1860-ல் உறவுக்காரப் பெண்ணான மரியா கிரீனைக் கல்யாணம் செய்துகொண்டார். 1861-ல் சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தார், அதுவும் பித்தளை வார்க்கிற சொந்தப் பட்டறையோடு. 1866-ல் செல்சியில் மார்ல்பரோ சாலையில் பெரிய பட்டறைக்கு மாறினார். அவர்களுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்து சிசுவிலேயே இறந்துபோனது. அதன் பிறகு குழந்தை இல்லை. அவர் சொந்த வாழ்க்கை பற்றி உறுதியாகக் கிடைக்கிற தகவல் கிட்டத்தட்ட இவ்வளவுதான். கடிதம், டைரி என்று எழுதி வைத்துவிட்டுப் போன ஆள் இல்லை அவர்.

அப்போ கண்டுபிடித்தது யார்?

ஃப்ளஷ் டாய்லெட்டுக்கு ஒரு அப்பா கிடையாது. முதலாம் எலிசபெத் ராணியின் ஞான மகனான ஜான் ஹாரிங்டன், தண்ணீர் விட்டுக் கழுவும் கழிப்பறை ஒன்றைப் பற்றி 1596-ல் புத்தகமே எழுதினார். ஆனால் அதைச் சீண்டுவாரில்லை. 1775-ல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் ‘எஸ்’ வடிவத்தில் வளைந்த குழாயைச் சேர்த்துக் காப்புரிமை வாங்கினார். இது சாதாரண விஷயம் இல்லை. அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடை நாற்றம் வீட்டுக்குள் வராமல் அடைக்கிற மூடி. இன்றைக்கும் உங்கள் வீட்டு டாய்லெட்டில் நிற்கும் அந்த ஒரு சாண் தண்ணீர், கம்மிங் தந்ததுதான். அடுத்து 1778-ல் ஜோசப் பிராமா வால்வைச் சரிசெய்தார். 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் பொதுக் கழிப்பறை வைத்து ஆளுக்கு ஒரு பென்னி வசூலித்தார். எட்டு லட்சம் பேருக்கு மேல் காசு கொடுத்துப் போனார்கள். அப்போது கிராப்பர் தொழில் பழகவே ஆரம்பிக்கவில்லை.

கிராப்பரின் பெயரில் ஒன்பது காப்புரிமைகள் உண்டு. அவற்றில் மூன்றுதான் டாய்லெட்டின் தண்ணீர்த் தொட்டி சம்பந்தப்பட்ட மேம்பாடுகள். மிச்சமெல்லாம் வடிகால், குழாய் இணைப்பு மாதிரியான விஷயங்கள். எஸ் வளைவை ‘யு’ வளைவாக மாற்றியதும் அவர் செய்த முன்னேற்றங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. அவர் பெயரோடு எப்போதும் சேர்த்துச் சொல்லப்படுகிற, சத்தமில்லாத, வால்வு இல்லாத தொட்டிக்கான 1898-ம் வருடத்துக் காப்புரிமை அவருடையதே இல்லை. அது ஆல்பர்ட் கிப்ளின் என்பவரின் பெயரில் இருக்கிறது. கிராப்பரின் கம்பெனி அதைத் தயாரித்து விற்றது.

தொட்டிக்குப் பெயரே ‘வீணாவதைத் தடுப்பது’

இங்கேதான் நம்ம ராத்திரி பதினோரு மணி சத்தம் வருகிறது.

அன்றைய லண்டனில் தண்ணீர் கொடுத்தவை தனியார் கம்பெனிகள். நாள் முழுக்கக் கொடுக்க மாட்டார்கள், குறிப்பிட்ட நேரம் மட்டும் திறந்துவிடுவார்கள். அதனால் வீட்டுக்கு வீடு தொட்டி கட்டிப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். நம்ம சம்ப், மொட்டை மாடி டேங்க் கதையேதான். அந்தத் தொட்டியிலிருந்து டாய்லெட்டுக்குப் போகும் குழாயில் ஒரு வால்வு. கைப்பிடியை இழுத்தால் திறக்கும், விட்டால் மூடும். மூட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் தோல் வாஷர் தேய்ந்துபோகும், மண் துகள் மாட்டிக்கொள்ளும், கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகும். சில வீடுகளில் நன்றாகச் சுத்தமாகட்டுமே என்று சங்கிலியை இழுத்தபடியே கட்டி வைத்துவிடுவார்களாம், தண்ணீர் நாள் முழுக்க ஓடும். வீட்டுக்காரருக்கு மீட்டர் கிடையாது. அவருக்கென்ன நஷ்டம்?

நஷ்டம் ஊருக்கு. டாய்லெட்டுகள் பெருகப் பெருக, லண்டனுக்கு வரும் தண்ணீரில் பெரும் பங்கு யாருக்கும் பயனில்லாமல் சாக்கடைக்குப் போகும் என்ற பயம் வந்தது. 1871-ல் லண்டன் தண்ணீர் விநியோகத்துக்காக ஒரு சட்டம் வந்தது. அதையொட்டி வந்த விதிகள், டாய்லெட்டுக்குத் தனியாக ஒரு சின்னத் தொட்டி வேணும், ஒரு தடவை இழுத்தால் இரண்டு கேலன், அதாவது சுமார் 9 லிட்டருக்கு மேல் போகக் கூடாது, ஒழுகவும் கூடாது என்றன. இந்தத் தொட்டிக்கு ஆங்கிலத்தில் அவர்கள் வைத்த பெயரின் அர்த்தம், தண்ணீர் வீணாவதைத் தடுக்கும் கருவி. ஃப்ளஷ் டேங்க் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் பொருள், சுத்தத்துக்காக மட்டுமல்ல, சிக்கனத்துக்காகவும் பிறந்தது.

கிராப்பர் விற்றது இதைத்தான். விளம்பரங்களில் அவர் பெருமையாகச் சொன்னதும் வால்வே இல்லாத தொட்டி என்பதைத்தான். வால்வு இல்லாமல் எப்படித் தண்ணீர் நிற்கும், எப்படிப் போகும்? சைஃபன்.

இது நம் விவசாயிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வாய்க்கால் கரைக்கு மேலே ஒரு ரப்பர் டியூபை வளைத்துப் போட்டு, ஒரு தடவை உறிஞ்சிவிட்டால் தண்ணீர் கரை ஏறித் தானாக வயலுக்கு இறங்குமே, அதே வித்தை. தொட்டிக்குள்ளே தலைகீழ் ‘யு’ மாதிரி ஒரு குழாய். அதன் மேல் வளைவு தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கும். அதனால் சும்மா இருக்கும்போது ஒரு சொட்டுக்கூடக் கீழே போக வழியில்லை. சங்கிலியை இழுத்தால் உள்ளே ஒரு தட்டு மேலே எழும்பி, கொஞ்சம் தண்ணீரை வளைவைத் தாண்டித் தள்ளும். அது கீழே விழும் வேகத்தில் பின்னாலேயே தொட்டித் தண்ணீர் முழுவதும் இழுபட்டுப் போகும். தொட்டி காலியாகிக் காற்று புகுந்ததும் ஓட்டம் தானாக அறுந்துவிடும். கட்டி வைத்தாலும் பயனில்லை. வாஷர் தேய்ந்தாலும் ஒழுகாது, ஏனென்றால் தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது வாஷர் இல்லை, குழாயின் உயரம்.

சைஃபனைக் கண்டுபிடித்தது கிராப்பர் இல்லை. தொட்டிக்குள் அதை வைத்தவர்களும் அவருக்கு முன்பே உண்டு. ஆனால் ஊருக்குத் தேவை என்ன என்று புரிந்து, நம்பகமாகச் செய்து, கடைவீதியில் வைத்து விற்றவர் அவர்.

அந்தக் கடைவீதி விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. டாய்லெட் என்ற சொல்லையே நாலு பேர் முன்னால் உச்சரிக்கக் கூச்சப்பட்ட காலம் அது. கிராப்பர் பெரிய கண்ணாடி ஜன்னல் போட்ட ஷோரூமில் பீங்கான் கோப்பைகளை வரிசையாக அடுக்கி வைத்தார். குளியலறைச் சாமான்களுக்கென்றே வைத்த முதல் ஷோரூம்களில் ஒன்று அது. அதைப் பார்த்துப் பெண்கள் மயங்கி விழுந்தார்கள் என்பார்கள், அது கொஞ்சம் ஓவர். ஆனால் மறைத்து வைக்கிற பொருளை வெளிச்சத்தில் வைத்ததால்தான் அது மாட்டவும் கழற்றவும் பழுது பார்க்கவும் கூடிய ஒரு சாதாரணச் சாமானாக மாறியது.

நம் நாட்டில் அந்தக் கூச்சம் வேறு மாதிரி வேலை செய்தது. இங்கே பல ஊர்களில் தண்ணீருக்குப் பதில் மனிதர்களின் கையும் தலையும் அந்த வேலையைச் செய்தன, அதுவும் சில சாதிகளில் பிறந்தவர்கள் மட்டும். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 1993-ல்தான் வந்தது, 2013-ல் இன்னும் கடுமையாக ஒன்று வந்தது. டாய்லெட் டேங்கின் மூடியைத் திறந்து கையை விட இன்றைக்கும் பலர் தயங்குவதற்கு அந்தப் பழைய எண்ணமும் ஒரு காரணம். உண்மையில் டேங்கில் இருப்பது சமையலறைக் குழாயில் வரும் அதே போர் தண்ணீர். அதில் அசிங்கம் எதுவுமில்லை.

சரி, நம்ம டேங்கை என்ன பண்றது?

பயப்படாமல் மூடியைக் கழற்றுங்கள். பீங்கான் மூடி என்றால் தரையில் ஒரு துணி விரித்து அதன் மேல் வையுங்கள், அது உடைந்தால் அதற்கு மட்டும் மூடி கிடைப்பது கஷ்டம்.

ஓட்டத்துக்குக் காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று, மேலிருந்து தண்ணீர் வருவது நிற்கவில்லை. இரண்டு, கீழே போவது அடைபடவில்லை. எது என்று உற்றுப் பார்த்தாலே தெரியும். டேங்க் நடுவில் நிற்கிற ஓவர்ஃப்ளோ குழாயின் வாய்க்குள் தண்ணீர் வழிந்து இறங்கினால், தப்பு மேலே. தண்ணீர் மட்டம் அதற்குக் கீழேயே இருந்து, ஆனாலும் கோப்பைக்குள் ஓடினால், தப்பு கீழே. சந்தேகமாக இருந்தால் சமையலறையில் இருக்கும் கேசரிப் பவுடரை ஒரு சிட்டிகை டேங்கில் போட்டு அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் ஒழுகுகிறது என்று அர்த்தம்.

மேலே தப்பு என்றால் மிதவைப் பந்தைப் பாருங்கள். கையால் அதை மெல்லத் தூக்கினால் தண்ணீர் நின்றுவிடுகிறதா? அப்படியானால் மட்டம்தான் அதிகமாக வைத்திருக்கிறது. மிதவையின் ஸ்க்ரூவைத் திருகியோ, பித்தளைக் கம்பி என்றால் லேசாகக் கீழே வளைத்தோ, ஓவர்ஃப்ளோ வாய்க்கு ஒரு அங்குலம் கீழே தண்ணீர் நிற்கும்படி செய்தால் போதும். பந்தை ஆட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் குலுங்குகிறதா? ஓட்டை, மாற்ற வேண்டியதுதான். பந்தைத் தூக்கியும் நிற்கவில்லை என்றால் உள்ளே வாஷர் போயிருக்கும், அல்லது மண் துகள் மாட்டியிருக்கும். மொட்டை மாடி டேங்க் ஒரு முறை அடிவரை காலியாகி மறுபடி நிரம்பினால், அடியில் தங்கிய வண்டல் குழாயில் இறங்கி இப்படிப் பண்ணும்.

கீழே தப்பு என்றால், அடியிலிருக்கும் ரப்பர் வாஷர்தான் முதல் குற்றவாளி. நம்ம ஏரியாவில் அதற்குத் துணை போவது உப்பு. போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் வெள்ளையாகப் படிந்து, ரப்பர் உட்காரும் விளிம்பைச் சொரசொரப்பாக்கிவிடும். ரப்பர் புதுசாக இருந்தாலும் சரியாகப் படியாது. டேங்குக்குக் கீழே சுவரோரம் இருக்கும் ஆங்கிள் காக்கை மூடிவிட்டு, டேங்கைக் காலி பண்ணி, வால்வைக் கழற்றுங்கள். இரண்டு பட்டன் உள்ள இப்போதைய டேங்குகள் பலவற்றில் அதைக் கால் திருப்பு திருப்பினால் கையோடு வந்துவிடும். வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைத்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்தால் உப்பு விட்டுவிடும். டாய்லெட் கழுவும் ஆசிட்டை மட்டும் டேங்குக்குள் ஊற்றவே கூடாது, ரப்பரும் உலோகமும் சேர்ந்து போய்விடும். ரப்பர் வெடித்தோ நெளிந்தோ இருந்தால், அதையே கையில் எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போங்கள். அளவை வாயால் சொல்லி வாங்கினால் இரண்டாவது தடவை போக வேண்டியிருக்கும்.

பழைய பிளாஸ்டிக் டேங்குகளில் பல இன்னும் சைஃபன் வகைதான். உங்களுடையது அப்படி என்றால் அடியில் வால்வைத் தேடாதீர்கள், அது கிடையாது. அதில் ஓட்டம் வந்தால் பெரும்பாலும் மிதவைக் கோளாறு. தண்ணீர் மட்டம் சைஃபன் வளைவு வரை ஏறி, அதைத் தாண்டி வழிந்துகொண்டிருக்கும். நாலைந்து தடவை இழுத்தால்தான் ஃப்ளஷ் ஆகிறது என்றால், உள்ளே தட்டின் மேலிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் கிழிந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஆங்கிள் காக் உப்புப் பிடித்து இறுகிப்போயிருந்தால் பலம் போட்டுத் திருகாதீர்கள். அது கழுத்தோடு உடைந்தால் ஒழுகல் பிரச்சினை வெள்ளப் பிரச்சினையாகிவிடும். மாடியில் டேங்க் வால்வை மூடிவிட்டு, அதற்கு மட்டும் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

அரண்மனை வரை

இனி கிராப்பருக்குத் திரும்பலாம். 1880-களில் வேல்ஸ் இளவரசர் எட்வர்ட் தன்னுடைய சாண்ட்ரிங்ஹாம் மாளிகையைப் புதுப்பித்தபோது, குழாய் வேலை கிராப்பரின் கம்பெனிக்கு வந்தது. முப்பது டாய்லெட்டுகள், தேவதாரு மரத்தில் இருக்கைகள். அதிலிருந்து அரச குடும்பத்துக்கு வேலை செய்பவர் என்ற முத்திரையும் கிடைத்தது. எட்வர்ட் மன்னரான பிறகும், அவர் மகன் ஐந்தாம் ஜார்ஜ் காலத்திலும் அந்த வாடிக்கை தொடர்ந்தது. இதனால் கிராப்பருக்கு சர் பட்டம் கிடைத்தது என்று பலர் எழுதுகிறார்கள். கிடைக்கவில்லை. கடைசிவரை அவர் வெறும் மிஸ்டர் கிராப்பர்தான்.

எல்லாம் வெற்றியும் இல்லை. எழுந்ததும் தானாக மேலே தூக்கிக்கொள்ளும் இருக்கை ஒன்றையும் அவர் கம்பெனி செய்ததாகச் சொல்வார்கள். நாளாக ஆக அடியிலிருந்த ரப்பர் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும், பிறகு திடீரென்று விடுபட்டு, எழுந்தவரைப் பின்னாலிருந்து ஓங்கி அடிக்குமாம். அது ஓடவில்லை என்பதில் ஆச்சரியமில்லை.

1902-ல் மரியா இறந்தார். 1904-ல் கிராப்பர் தொழிலை அண்ணன் மகன் ஜார்ஜிடமும் பங்காளி ராபர்ட் வாரமிடமும் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். 1910 ஜனவரி 27 அன்று தெற்கு லண்டனில் ஆனர்லியில் இருந்த தன் வீட்டில் காலமானார். எல்மர்ஸ் எண்ட் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டார். கிரிக்கெட் பிதாமகர் டபிள்யூ.ஜி. கிரேஸும் பின்னர் அதே தோட்டத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்.

செத்த பிறகு வந்த புகழ்

அதன் பிறகுதான் வேடிக்கை. முதல் உலகப் போருக்காக வந்த அமெரிக்கச் சிப்பாய்கள், போகிற இடமெல்லாம் தொட்டியில் கிராப்பர் என்ற பெயரைப் பார்த்து, டாய்லெட்டுக்கே அந்தப் பெயரை வைத்து ஊருக்குக் கொண்டுபோனார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. மலத்தைக் குறிக்கும் ஆங்கிலக் கொச்சைச் சொல்லும் அவர் பெயரிலிருந்து பிறந்ததாகப் பலர் நம்புகிறார்கள். அது தவறு, அந்தச் சொல் அவருக்கு ரொம்ப முந்தையது. பெயரும் தொழிலும் அப்படிப் பொருந்திப்போனது வெறும் தற்செயல்.

1969-ல் வாலஸ் ரேபர்ன் என்ற எழுத்தாளர் கிராப்பரின் வாழ்க்கையைக் கிண்டலும் உண்மையும் கலந்து புத்தகமாக எழுதினார். இன்று சுற்றிவரும் கதைகளில் பாதி அதிலிருந்து வந்தவைதான். அதே ஆள் அடுத்து, பெண்களின் உள்ளாடையைக் கண்டுபிடித்ததாக முழுக் கற்பனையான ஒருவரின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். விளைவு என்ன தெரியுமா? கிராப்பர் என்று ஒருத்தர் இருந்ததே பொய் என்று சிலர் சொல்ல ஆரம்பித்தார்கள். நிஜமாக வாழ்ந்து, வரி கட்டி, கல்லறையில் கிடக்கிற ஒரு பிளம்பர், கதைகளால் காணாமல் போகப் பார்த்தார்.

அவர் இருந்ததற்கு சாட்சி வேண்டுமானால் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்துக்குப் போகலாம். மன்னர்களும் கவிஞர்களும் அடக்கமான அந்த வளாகத்தில், சாக்கடை மூடிகளின் இரும்பில் கிராப்பர் கம்பெனியின் பெயர் வார்த்திருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதையும் தேடிப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அவர் விற்ற தொட்டியின் கதைக்கு இன்னொரு திருப்பமும் உண்டு. வால்வு ஒழுகும் என்பதால் பிரிட்டனில் நூறு வருடத்துக்கும் மேலாக சைஃபன் மட்டும்தான் அனுமதி. 2001 ஜனவரியிலிருந்து, குறைந்த தண்ணீரில் ஃப்ளஷ் ஆகும் வால்வு டேங்குகளையும் மாட்டலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். பட்டன் அழுத்தினால் போதும், பார்க்கவும் அழகு. கொஞ்ச வருடத்தில் வாஷர்களில் உப்பும் தூசும் படிந்தன. இப்போது அங்கே தண்ணீர் கம்பெனிகள் வாடிக்கையாளர்களுக்கு ஒழுகும் டாய்லெட்டைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பிரசாரம் செய்கின்றன. அவர்கள் சொல்லும் சோதனை, டேங்கில் கொஞ்சம் கலர் போட்டுவிட்டு, கோப்பையில் நிறம் இறங்குகிறதா என்று பார்ப்பதுதான்.